தேய்க்கத் தேய்க்க

உள்ளே கருவி சுழலும் ஓசை நின்றது. நின்றதும் அவருக்கு அச்சம் கூடியது.

பாதி திறந்த கதவின் வழியே, பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருந்த மகளின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. பள்ளிக் காலுறைக்குள் பெருவிரல் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

காலையில் குளிர்ந்த நீர் பட்டதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே அமர்ந்துவிட்டவள் அவள்.

கைக்குட்டையால் வாயை மூடியபடி, பாம்பின் வாய்த் தேரைபோல் அவர் அசையாதிருந்தார். நாள்தோறும் உரக்கப் பாடித் தொழும் பதிகம் இன்று நெஞ்சுக்குள்ளேயே ஓடியது. உதடுவரை வர அதற்கு இசைவில்லை.

வந்ததிலிருந்து அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பெயர் கேட்டபோது பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தார். தண்ணீர் வேண்டுமா என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

“பல்வலி பொண்ணுக்கா, உங்களுக்கா சார்?” என்று சிரித்தாள் வரவேற்பு மேசைப் பெண்.

அவள் தலைக்கு மேலே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை அங்கி அணிந்த நடிகன் ஒருவன் பற்பசைக் குழாயை உயர்த்திக் காட்டினான். உதடு அவனுடையது, குரல் அவனுடையதன்று. வெண்கல மணி அடித்து ஓய்ந்தபின் காற்றில் நிற்கும் கார்வை அக்குரலில் இருந்தது.

‘தேய்க்கத் தேய்க்க முத்து! தேய்ந்த பல்லும் வளரும்!’

முத்து என்னும் சொல்லில் தகரம் இரட்டித்தபோது, நாவின் நுனி பல்லின் அடியை ஒற்றி விலகுவது தனியே கேட்டது. அத்தகைய தகரத்தை இக்காலத்தில் கேட்பது அரிது.

“இந்தக் குரல் சொன்னா நான் விஷத்தக்கூட வாங்கிடுவேன் சார்” என்றாள் அவள்.

அவர் கைக்குட்டையை இன்னும் இறுக்கினார்.

“அந்த டிவிய அணைம்மா, ஒரே இரைச்சல்!” என்று உள்ளிருந்து மருத்துவர் குரல் கொடுத்தார்.

திரை இருண்டது. அவருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

அது நிலைப்பதற்குள் மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

“எனாமல் ரொம்பத் தேஞ்சுபோச்சு சார். நறநறன்னு ஒரு பேஸ்ட்ட வச்சு, வாய் வச்சு எதத் தின்னாலும் உடனே தேய்ச்சிருக்கா. உள்ள இருக்கிற மஞ்சள் வெளிய தெரிய ஆரம்பிச்சிருக்கு. அழுக்குன்னு நெனச்சு இன்னும் அழுத்தித் தேய்ச்சிருக்கா. போன எனாமல் வராது. அது என்ன நகமா, திரும்ப வளர?”

எறும்பு ஊரக் கல்லும் தேயும். முல்லை அரும்பென்று பாடப்பெற்ற பல் எம்மாத்திரம்? அந்த மேலோட்டுக்குப் பற்சிப்பி என்று தமிழில் பெயர். சிப்பியே தேய்ந்தபின் முத்து ஏது?

“மிச்சமிருக்கறதையாவது காப்பாத்தணும். ஆனா நான் சொன்னா உங்க பொண்ணு காதுலயே போட்டுக்க மாட்டேங்கறா. விளம்பரத்துல சொன்னவரு பொய்யே சொல்ல மாட்டாருன்னு சாதிக்கிறா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்.”

மகள் கதவருகே வந்து நின்றாள். காற்றுப் பட்டாலும் கூசுமென்று இதழ்களை இறுக மூடியிருந்தாள். அவள் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. ஐயம்கூட இல்லை.

அதுதான் அவரை நடுக்கியது.

பேசினால் இந்த அறை முழுவதும் அறிந்துவிடும். பேசாவிட்டால், வீடு சென்றதும் அவள் மீண்டும் பல்தூரிகையைக் கையில் எடுப்பாள்.

அவர் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

“தேய்க்காதே, தங்கம். அது பொய்.”

தகரம் பல்லை ஒற்றி விலகியது.

மேசைப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்து தொலைக்காட்சியைப் பார்த்தாள்.

அது அணைந்தே இருந்தது.