நாலாவது திருகு

“அந்த ஆளு நமக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்காரும்மா,” என்றாள் மனோன், காரை நிறுத்தியபடி.

ரிமூஸ்கி நகரத்துப் பல் மருத்துவமனையின் கண்ணாடிக்குப் பின்னால், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அன்செல்ம் உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. ஏப்ரல் பிறந்தும் உருகாத பனியில் தனியாகக் கார் ஓட்டி வந்திருந்தார்.

“வரட்டுமே. உனக்கு ஏண்டி எரியுது?” என்றாள் லொரெட். நழுவிய பழைய பல்செட்டை நாக்கால் தள்ளி நிறுத்திய பிறகுதான் அவளால் அதைக்கூடச் சொல்ல முடிந்தது.

மனோனுக்கு எரியத்தான் செய்தது. அப்பா போய் மூன்று வருடம்தான் ஆகிறது. போன கோடையில் மாதா கோவில் மண்டபத்தில் பீன்ஸ் விருந்து. லொரெட் மெல்ல முடியாமல் கறித்துண்டுகளை ஒவ்வொன்றாக ஓரம் கட்டுவதை எதிர் மேசையிலிருந்து இந்த மனிதர் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அடுத்த வாரமே வீட்டு வாசலில் வந்து நின்றார். தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல்செட்டை மாட்டிவிடலாம், செலவு என்னுடையது என்றார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, “ஏதோ கைவேலை,” என்று மழுப்பினார். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது மனோனுக்குத் தெரியாதா?

லொரெட்டுக்கு வயதாகிப் பல் விழவில்லை. பத்தொன்பது வயதில், கல்யாணத்துக்கு முந்தின மாதம், அவள் அப்பா அவளை டவுனுக்குக் கூட்டிப்போய் எல்லாப் பல்லையும் பிடுங்கவைத்து, பளபளவென்று ஒரு பல்செட் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் அப்போது அதுதான் சீர். கட்டிக்கொள்கிறவனுக்குப் பிற்பாடு பல் வைத்தியச் செலவு வைக்கக் கூடாதல்லவா? அக்காமார்கள் வாயைத் திறந்த மாதிரி இவளும் திறந்தாள். அதற்கப்புறம் ஐம்பத்தேழு வருடத்தில் தாடை எலும்பு தேய்ந்து, பல்செட் நிற்கவே இடமில்லாமல் போய்விட்டது. ஆகஸ்ட் மாதச் சோளக் கொண்டாட்டத்தில் ஊரே கதிரைக் கடிக்கும்போது லொரெட் மட்டும் கத்தியால் சீவிக் கரண்டியால் தின்பாள்.

இலையுதிர்காலத்தில் பதித்த நாலு திருகில் மூன்று பிடித்துக்கொண்டன. நாலாவது கழன்று வந்துவிட்டது. டிசம்பரில் டாக்டரம்மா அதைக் கொஞ்சம் தள்ளிப் பதித்து, “இதுவும் எலும்போட சேரலைன்னா வேற இடமில்ல,” என்று சொல்லியிருந்தார். அதைப் பார்க்கத்தான் இன்று வந்திருந்தார்கள்.

லொரெட்டை உள்ளே அழைத்தார்கள். போகிற போக்கில் அவள் அன்செல்மின் தோளைத் தட்டிவிட்டுப் போனது மனோனுக்கு அறவே பிடிக்கவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“ஐயா, சுத்தி வளைக்காம கேக்கறேன். எங்கம்மாவைக் கட்டிக்கற உத்தேசமா?”

“ஐயோ, இல்லம்மா. அந்தத் தகுதி எனக்குக் கிடையாது.”

“அப்ப வீட்டு மேல கண்ணா?”

“எனக்கே ரெண்டு வீடு இருக்கு. ரெண்டுலயும் கூரை ஒழுகுது.”

மனோனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“பின்ன எதுக்கு இதெல்லாம்? அந்தத் திருகு கழண்ட அன்னைக்கு எங்கம்மா அழல. நீங்கதான் அந்த மூலையில நின்னு அழுதீங்க. நான் பாத்தேன்.”

அன்செல்ம் உள் கதவைப் பார்த்தார். உள்ளே ஏதோ கருவி சுற்றி நின்றது.

“அந்தக் காலத்துல பிடுங்கினாங்களே, அதுல சொத்தை எத்தனைன்னு அம்மா சொல்லியிருக்காங்களா?” என்று கேட்டார்.

“எல்லாமே சொத்தைன்னு தாத்தா சொல்வாராம்.”

“ரெண்டுதான் சொத்தை. மீதி இருபத்தாறும் கல்லு மாதிரி இருந்துச்சு. ஒவ்வொண்ணும் வரமாட்டேன்னு அடம் பிடிச்சுச்சு.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“படிச்சு முடிச்சு நான் தொழிலுக்கு வந்த முதல் வருஷம். அப்பாமார் பொண்ணைக் கூட்டிட்டு வந்து ‘எல்லாத்தையும் எடுங்க’ன்னு சொல்வாங்க. நானும் எடுத்தேன். நல்ல பல்லுங்க, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு பொண்ணுக்குக்கூடச் சொல்லல. அதுல எத்தனை பேர் இப்ப இருக்காங்கன்னே தெரியல. உங்கம்மா ஒருத்தங்கதான் கண்ணுல பட்டாங்க.” அவர் கைகளை மடக்கிக்கொண்டார். “அவங்களுக்கு நான் யாருன்னு தெரியாது. பல்லு நின்னுட்டா இன்னைக்குச் சொல்லிடணும். நிக்கலைன்னா என்ன சொல்றதுன்னு தெரியல.”

மனோனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதை யார்மேல் காட்டுவது? தாத்தாமேலா, ஊர்மேலா, இந்தக் கைகள்மேலா? கீழே விழுந்திருந்த அவர் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

கதவு திறந்தது. டாக்டரம்மா நாலு விரலைக் காட்டித் தலையாட்டினார். நாலும் பிடித்துவிட்டன. மனோனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

லொரெட் மகளைத் தாண்டி நேராக நடந்துபோய் அன்செல்முக்கு முன்னால் நின்றாள். எழுந்திருக்கப் போனவரைத் தோளில் கைவைத்து உட்காரவைத்தாள்.

“மாதா கோவில் விருந்துலயே அடையாளம் தெரிஞ்சுபோச்சு டாக்டர்,” என்றவள் குனிந்து, வாயை ஆவென்று திறந்து நாலு திருகையும் காட்டினாள். “இப்பப் புடுங்குங்க பாப்போம்.”