நாற்பத்தெட்டு

"நாப்பத்தெட்டு," என்றான் ஸுஹைர்.

தங்கை வியாமின் பேனா ஒரு கணம் தாளுக்கு மேலே நின்றது. பிறகு எழுதியது.

"படி."

"மனித உயிரணு ஒன்றில் உள்ள குரோமோசோம்கள், நாற்பத்தாறு."

"தப்பு. நான் என்ன சொன்னேன்?"

ஜன்னலுக்கு வெளியே ஸாஃபி துறைமுகத்தின் மீன் வாடையோடு ஜூன் மாத வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மதியத்திலிருந்து இந்த ஒரே கேள்விக்கு இது ஆறாவது முறை.

"அண்ணே, புத்தகத்துல நாப்பத்தாறுதான் இருக்கு. எழுபத்தி மூணாம் பக்கம், படத்துக்குக் கீழ."

"புத்தகத்தக் கேட்டேனா? நான் என்ன சொன்னேன்?"

"நாப்பத்தெட்டு."

"அப்ப அத எழுது."

வகுப்பில் அறிவியலில் அவளை முந்த ஆளில்லை. இந்தப் புத்தகத்தையோ வருஷம் முழுக்க வாய்விட்டுப் படித்திருக்கிறாள். எந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது என்பது வரை தெரியும். விடிந்தால் தேர்வு. இப்போது உட்கார்ந்து, தவறு என்று நன்றாகத் தெரிந்த ஒன்றை, அண்ணன் சொன்னான் என்பதற்காக எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். அதுவும் வருஷம் தவறாமல் வருகிற கேள்விக்கு.

போன வருஷம் இதே அறிவியல் தாளை ரத்து செய்துவிட்டார்கள். அந்தக் கடிதம் வந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. இந்த வருஷமும் அப்படி ஒன்று வந்தால் பள்ளிக்கூடக் கதவு மூடிவிடும். அதற்குப் பின்னால் இருக்கிற சட்டக் கல்லூரிக் கதவைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

மத்தி மீன் தொழிற்சாலையிலிருந்து உம்மா வந்தாள். தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றக்கூட இல்லை. நேராக அடுப்படிக்குப் போய்ப் புதினாத் தேநீரோடு திரும்பினாள்.

"தெருமுனை வரைக்கும் கேக்குது உங்க சண்டை."

"இவன் தப்புத் தப்பா சொல்றாம்மா."

"சொல்லிட்டுப் போறான். நீ எழுது."

"நீயுமா?"

"எனக்கு மத்திக்குத் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம்னு தெரியும். உங்க கணக்கெல்லாம் எனக்கு எதுக்குடி? இன்னொரு தடவ தாள ரத்து பண்ணாங்கன்னா அதோட முடிஞ்சுது. அது மட்டும் தெரியும்."

தேநீர்க் குவளையை ஸுஹைரின் கைக்குள் வைத்து, அவன் விரல்களை அதன்மேல் மூடிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வியாம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணே, இந்த ஒண்ணுல மட்டும். மத்ததெல்லாம் நீ சொன்னபடியே எழுதறேன். இது ஒண்ணுதானே?"

"ஒண்ணுலதான் எல்லாம் போகும்."

அவன் தேநீரைக் குடிக்கவில்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதி ஓய்ந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இவனுக்கு விளங்கவைக்க இனி நேரமில்லை.

"மறுபடியும்," என்றான். "நாப்பத்தெட்டு."

எழுதினாள். எழுத்தின்மேல் ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது.

"படி."

"நாற்பத்தெட்டு."

அன்று முதல் முறையாக அவன் சிரித்தான்.

மறுநாள் அவர்களுக்கு ஒதுக்கியிருந்தது மாடிப்படிக்கு அடியில் ஒரு தனி அறை. கண்காணிப்பாளர் ஸுஹைரின் வெள்ளைக் கோலை வாங்கிச் சுவரில் சாய்த்தார். அவனைக் கைபிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு வியாமின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒம்பதாவதா?"

"ஆமா உஸ்தாத்."

"உன் அண்ணனுக்குக் கண்ணு தெரியாது, அதனாலதான் உன்ன எழுத விட்டிருக்கு. பரீட்சை அவனுக்கு. அவன் வாயில வர்றது மட்டும்தான் உன் கையில வரணும். போன வருஷம் உங்க மாமா மகன் எழுத வந்து, இவன் சொன்னத விட்டுட்டுத் தனக்குத் தெரிஞ்சத எழுதினான். பிடிச்சுத் தாள ரத்து பண்ண வெச்சது நான்தான்."

"தெரியும் உஸ்தாத்."

"தெரிஞ்சா சரி. ரெண்டு மணி நேரமும் இங்கதான் உக்காரப் போறேன்."

நாற்காலியை இழுத்து அவள் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். வியாம் வினாத்தாளைப் பிரித்தாள். வாய்விட்டுப் படித்தாள்.

"கேள்வி ஒன்று. மனித உயிரணு ஒன்றில் உள்ள குரோமோசோம்களின் எண்ணிக்கை என்ன?"

ஸுஹைர் நிதானமாக, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "நாப்பத்தெட்டு."

கண்காணிப்பாளர் எழுந்து அவள் தோளுக்கு மேல் குனிந்தார். அவர் மூச்சில் காப்பி வாசனை அடித்தது. வியாமின் பேனா தாளைத் தொடாமல் நின்றது. எழுபத்து மூன்றாம் பக்கம், படம், படத்துக்குக் கீழே இருந்த எண், எல்லாம் கண்முன் வந்து போயின.

நாற்பத்தெட்டு என்று எழுதினாள்.

அவர் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளுடைய தலையை. "இந்த வருஷம் பரவாயில்ல," என்று முணுமுணுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செய்தித்தாளை விரித்தார்.

நாற்காலியின் கால்கள் தரையில் உராயும் சத்தம் வாசல் வரை போய் நிற்பதை ஸுஹைர் தலை சாய்த்துக் கேட்டான். பிறகு அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னான்.

"இப்ப அத அடிச்சிட்டு, நாப்பத்தாறுன்னு எழுது."