அவசரமே இல்ல

ஸ்கேன் டாக்டர் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். மேசையில் வயிற்றுச் சேலையை விலக்கிப் படுத்திருந்தது அவளுடைய பழைய நாத்தனார், பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி பழைய மாமியார். சும்மா சொல்லக் கூடாது, டாக்டருக்கு உள்ளுக்குள் அப்படியொரு குஷி.

மறக்கிற காரியமா அது? அந்த வீட்டில் இவள் எது சொன்னாலும் அதற்கு நேரெதிராகத்தான் நடக்கும். உப்புப் போதும் என்றால் மாமியார் இன்னொரு கை அள்ளிப் போடுவாள். இவள் வயிற்றுப் பிள்ளைக்குத் தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது, இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதும் அப்படித்தான். எடுக்கட்டும் என்று இவள் கெஞ்சினாள், மாமியார் வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. ராசி கெட்டவள் என்று துரத்தியபோது இந்த நாத்தனார் வாசல்வரை வந்து சிரித்தாள்.

டாக்டர் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினாள். திரையில் ரத்த ஓட்டத்தின் அலை ஏறியது, இறங்கியது, அடுத்த துடிப்புவரை ஒன்றுமே இல்லை. அதே கோளாறு. என் வயிற்றெரிச்சல் சும்மா விடுமா என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் உள்ளதைச் சொன்னாள். இன்றைக்கே எடுத்து இன்குபேட்டரில் வைத்தால் குழந்தை பிழைக்க வழியுண்டு, தள்ளிப்போட்டால் வயிற்றிலேயே போய்விடலாம் என்றாள். மாமியார் அசைந்தால்தானே?

"ஏழு மாசத்துல எடுத்தா எங்க தங்கப் போகுது? மாசம் நிறையட்டும். எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்."

அட்சரம் பிசகாமல் அதே பேச்சு. மகளும் தலையாட்டிக்கொண்டு எழுந்தாள்.

டாக்டர் மாஸ்க்கைக் கழற்றினாள். மாமியாருக்கு முகம் வெளுத்துப்போனது.

"நல்லாருக்கீங்களா அத்தை?" டாக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "நீங்க சொல்றதுதான் சரி. ஒரு அவசரமும் இல்ல. தாராளமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

மாமியார் அவளையே பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பாவி நம்மளப் பழி வாங்கப் பார்க்கிறாடி" என்று புலம்பியபடி வெளியே போனாள். கீழே பிரசவ டாக்டரின் அறை எங்கே என்று நர்ஸிடம் அவள் பதறிக் கேட்டது உள்ளேவரை கேட்டது.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

"மேடம், ஒரு அம்மா என்னைத் திட்டிக்கிட்டே மகளோட உங்ககிட்ட வர்றாங்க. ரத்த ஓட்டம் மோசமா இருக்கு, இன்னிக்கே எடுத்துடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காதீங்க."