மூன்றாவது சீட்டு

அந்த மாநிலத்தில் ஆளுநரையும் சட்டமன்ற உறுப்பினரையும் மட்டுமல்ல, நீதிபதியையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் பூவாயிக்கு மூன்று வாக்குச்சீட்டுகள் கொடுத்தார்கள். முதல் இரண்டிலும் பெயர்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவதில் ஒரே ஒரு பெயர்தான். அவள் மகன் சுடலைக்குப் பன்னிரண்டு வருடம் தண்டனை எழுதிய நீதிபதியின் பெயர்.

மறைப்புக்குள்ளிருந்து தலையை நீட்டி, "சார், இதுல இன்னொரு பேரு விட்டுப்போச்சு" என்றாள்.

"விட்டுப்போகலம்மா. அவரை எதுத்து யாரும் நிக்கல" என்றார் மேசையிலிருந்த அதிகாரி.

"அப்ப நான் போடலன்னா?"

"ஒரே ஒரு ஓட்டு விழுந்தாலும் அவருதான். வெத்துச் சீட்டாவும் போடலாம், உங்க இஷ்டம்."

வழக்கில் சொன்ன சம்பவம் நடந்த அன்று சுடலை காய்ச்சலோடு வீட்டில்தான் கிடந்தான். அதைச் சொல்லத்தான் அவள் நீதிமன்றத்துக்குப் போனாள். அந்த நீதிபதி வாயைத் திறக்கவே விடவில்லை. பூவாயி சீட்டை வெறுமையாகவே மடித்தாள்.

மடித்த பிறகுதான், மகனுடைய தண்டனைக் குறைப்பு மனு அடுத்த மாதம் இதே நீதிபதி முன்னால் வருகிறது என்று வக்கீல் சொன்னது உறைத்தது. நாற்பது வீடுள்ள ஊர். வெற்றுச் சீட்டு யாருடையது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

சீட்டைப் பிரித்தாள். முத்திரையை மையில் ஒற்றி, கட்டத்தைத் துளியும் தாண்டாமல் அந்தப் பெயருக்கு நேராகக் குத்தினாள். ஈரம் மறுபக்கம் ஒட்டி ஓட்டு செல்லாமல் போய்விடுமோ என்று பயந்து, வாயருகே பிடித்து ஊதி ஊதி உலர்த்தினாள்.