ஒலிபெருக்கியில் ஒரு பெயர்

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் வீட்டுக்குப் போய் விடுதி காலியாகிவிடும் என்பதால்தான் வேதவல்லி பொருட்காட்சியில் தன்னார்வலராகச் சேர்ந்தாள். தொலைந்துபோன குழந்தைகளைப் பற்றி மைக்கில் அறிவிப்பது அவள் வேலை. அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவிடம் ஓடும் குழந்தைகள் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்று மாலை கூடாரத்துக்கு வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். தோளில் துணிப்பை.

"யாரைத் தேடுறீங்க ஐயா?"

"யாரையும் இல்லம்மா. ஊரைச் சுத்திப் பாக்கத் தனியா வந்தேன். கலங்கரை விளக்கம், மியூசியம் எல்லாம் பாத்தாச்சு. எம் பேரு கோதண்டம். பேரு சொல்லிக் கூப்பிட எங்க அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. அவரும் போயிட்டாரு. ஒரே ஒரு தடவை எம் பேரை இந்த மைக்குல சொல்லிடுங்கம்மா."

வெறும் பெயரை மட்டும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வழக்கமான அறிவிப்பாகவே சொன்னாள்: "கோதண்டம் அவர்களே, எங்கிருந்தாலும் ராட்டினத்துக்கு அருகில் வரவும். உங்கள் மகள் காத்திருக்கிறார்."

குரல் அடங்கும்வரை அவர் கம்பத்திலிருந்த ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைக் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

விளக்குகள் எரியத் தொடங்கியபோது அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். அவர் ராட்டினத்தடியில் நின்றிருந்தார். கைக்கு ஒன்றாக இரண்டு டெல்லி அப்பளம். எதையும் கடிக்காமல், இறங்கி வரும் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேதவல்லி மைக்கைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ராட்டினத்தை நோக்கி நடந்தாள்.