நூற்றிரண்டு, நூற்றொன்று

கலர் லேசர் பிரிண்டர் ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளால் தன் எண்ணைப் பதிக்கும் என்று லவினா படித்தாள். தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் தன் ஜெராக்ஸ் கடையில், ரோஜாப் படம் போட்ட கல்யாணப் பத்திரிகைகளின் மேல் நீல டார்ச் அடித்துப் புள்ளிகளை எண்ணினாள். மாறக்கூடாத எண் மாறியது. முதல் தாளில் 102, அடுத்ததில் 101, அப்புறம் 100.

"சுரங்கத்துல நூத்திரெண்டாவது லெவல்லதான உங்கப்பா மாட்டிக்கினாரு," என்றாள் அம்மா ஃப்ளோரா.

"ஆள ஏத்திக்கினு கேஜ் மேல வருதும்மா."

லவினா அடித்துத் தள்ளினாள். 1 வந்ததும் தாள் தீர்ந்தது. தாளில் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தைச் சட்டத்திலிருந்து உருவிய ஃப்ளோரா, "இன்னும் ஒண்ணுதான், பின்பக்கம் போடு" என்று நீட்டினாள்.

சூடு ஆறாமல் வந்த தாளில் ரோஜா பளிச்சென்று இருந்தது; டார்ச் அடித்தால் எண் 0. திருப்பினார்கள். அப்பா இருந்த பக்கம் வெள்ளையாக இருந்தது.