அட்டை மறந்தவள்

“இன்னிக்கும் மறந்துட்டியா?”

மாணவர் தலைவி இப்படிக் கேட்டதும் ஏழாம் வகுப்புச் சிறுமி வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு ஈயென்று இளித்தாள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வரிசையில் நின்ற அத்தனை பேர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கியது. இவள் ஒருத்தி கழுத்துதான் காலி.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அட்டை இல்லாதவர்கள் கூடத்தில் உட்கார முடியாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, அதில் ஒரு நீள பெஞ்சு. அங்கே போய்த்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். காவலுக்கு மாணவர் தலைவி. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மணி அடிக்கும்வரை அவள் அங்கேயே இருந்தாக வேண்டும். அவள் சாப்பாடும் அங்கேதான்.

தலைவி லேசுப்பட்டவள் இல்லை. பதவிக்கு வந்த புதிதில், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்த தோழியையே அட்டை இல்லை என்று அந்த அறைக்கு அனுப்பியவள். விதி என்றால் எல்லாருக்கும் விதிதானே என்பது அவள் கட்சி. தோழி அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தோழியின் கூட்டமும் பேசவில்லை. இவள் தலை தெரிந்தாலே “சிசிடிவி வருது” என்று கிசுகிசுத்துவிட்டுக் கலைந்துபோவார்கள். காதில் விழாத மாதிரி தலைவி நடந்துபோவாள். வீட்டுக்குப் போய் அழுதது யாருக்குத் தெரியும்?

அவள் கெடுபிடியில் பள்ளிக்கூடமே திருந்திவிட்டது. யாரும் அட்டையை மறப்பதில்லை. அதனால் அந்த அறைக்கும் யாரும் வருவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவது எவ்வளவு கொடுமை என்று சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தான் மெல்லுகிற சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்கும்.

அப்போதுதான் இந்த வாலு வந்து சேர்ந்தது. ஒருநாள் மறந்தாள், மறுநாளும் மறந்தாள், அப்புறம் மறப்பதே வழக்கமாகிவிட்டது. பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசுவாள். கணக்கு டீச்சர் எப்படித் தும்முவார், வீட்டுப் பூனை ஏன் அப்பாவின் செருப்பில்தான் தூங்கும், எல்லாம் வரும். “பேசாம சாப்பிடு” என்று தலைவி அதட்டுவாள். அவள் காய்ச்சலில் வராத அன்று தலைவிக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் விதி விதிதான். விஷயம் விளையாட்டு வாத்தியார்வரை போயிற்று. சிறுமி நல்ல ஓட்டக்காரி. பள்ளிகளுக்கு இடையிலான தொடர் ஓட்டத்தில் கடைசி ஓட்டம் அவளுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. அதற்காகத் தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை மறந்தால் அணியிலிருந்து பேரை எடுத்துவிடுவேன் என்று வாத்தியார் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த இன்னொரு தடவைதான் இன்றைக்கு.

தலைவிக்கே மனசு கேட்கவில்லை. டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். சிறுமியோ ஒன்றுமே நடக்காத மாதிரி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவள் சீருடைப் பைக்கு வெளியே ஒரு நீல நாடா எட்டிப் பார்த்தது. தலைவி பிடித்து இழுத்தாள். நாடாவோடு அட்டையும் வந்தது.

தலைவிக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை நாளும் மறதி இல்லையா, திமிரா? இவளுக்காகவா நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்? அட்டையை எடுத்துக்கொண்டு நேரே வாத்தியாரிடம் போனாள். வேண்டுமென்றே செய்கிறாள் சார், என்னைக் கேலி பண்ணத்தான் செய்கிறாள், பேரை எடுத்துவிடுங்கள் என்று பொரிந்து தள்ளினாள்.

வாத்தியார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் இப்படிப் பண்றேன்னு அவளைக் கேட்டியாம்மா?”

தலைவி இல்லை என்று தலையாட்டினாள்.

“கூடத்து வாசல்ல உரிமைகளும் கடமைகளும்னு ஒரு பலகை மாட்டியிருக்கே, அது யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

அவளேதான். கடமைகள் பக்கம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். உரிமைகள் பக்கத்தில் முதல் வரியே, தண்டிக்கும் முன் மாணவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதுதான். குண்டு குண்டாக பெயிண்டில் எழுதியதோடு சரி. இதுவரை ஒருத்தரையும் கேட்டதில்லை. தோழியைக்கூட அன்று கேட்கவில்லை.

முதலில் போய்க் கேள், அப்புறம் நீ சொல்கிறபடியே செய்கிறேன் என்று வாத்தியார் அட்டையை அவளிடமே கொடுத்துவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது சிறுமி மீதி ரொட்டியைத் தொடாமல் காத்துக்கொண்டிருந்தாள். தலைவியின் டப்பாவையும் தன் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தாள்.

“அட்டையை வச்சுக்கிட்டே ஏன் மறந்துட்டேன்னு சொன்ன? பேரை எடுத்துடுவாங்கன்னு உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும்க்கா.”

“பின்ன ஏன்?”

சிறுமி ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள்.

“முதல் நாள் நிஜமாவே மறந்துட்டேன்க்கா. அன்னிக்கு நான் உள்ள வந்தப்ப நீங்க சுவரைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டுட்டு இருந்தீங்க.”

தலைவி பெஞ்சில் உட்கார்ந்தாள். சிறுமி தொடர்ந்தாள்.

“பேரை எடுத்தா எடுக்கட்டும்க்கா. ஓடுறதுக்கு வேற யாராவது கிடைப்பாங்க. இங்க உங்ககூட உட்கார்ந்து சாப்பிடத்தான் யாரும் வர மாட்டாங்க.”